தையல்நாயகியின் பாஸ்வேர்டு நோட்டு

பொழிச்சலூர் மெயின் ரோட்டில், கறிக்கடைக்கும் டைலர் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு கடை. போர்டில் 'நாயகி ஜெராக்ஸ்' என்று இருக்கும். ஜெராக்ஸ் எடுப்பது அங்கே நடக்கும் வேலையில் பத்தில் ஒரு பங்குதான். வருமானச் சான்றிதழுக்கு மனுப் போடுவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஹால் டிக்கெட் எடுப்பது, புதுப் போன் வாங்கியவர்களுக்கு ஜிமெயில் திறந்து கொடுப்பது என்று, காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் தையல்நாயகிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும்போது மட்டும் கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு அவ்வளவுதான்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, பல்லாவரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவள். கணவன் சிட்டிபாபு பல்லாவரத்துக்கும் பொழிச்சலூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாதவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களிடம் தையல்நாயகி, "இந்த ஏரியாவுல பாதிப் பசங்க என் கையாலதான் ஆன்லைன்ல பொறந்துக்கீதுங்க, எனக்கு இன்னா கொறச்சல்?" என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். சொன்னவளுக்கு வலிக்காது என்று சொல்ல முடியாது.

அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரு பதிவேடு இருந்தது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் போன் நம்பர், மூன்றாவதில் ஜிமெயிலோ வேறு ஆப்போ, நான்காவதில் பாஸ்வேர்டு. ஜனங்களுக்குப் பாஸ்வேர்டு நினைவிருக்காது. "அது நாயகி அக்கா நோட்ல கீது" என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். பெயரோடு ஒன்று இரண்டு மூன்று நான்கு சேர்த்தால் பாஸ்வேர்டு. எல்லோருக்கும் அதே சூத்திரம். வீட்டுச் சாவியை ஊரே ஒரே ஆணியில் மாட்டி வைத்த மாதிரி. அந்த ஆணி நம் கடையில் இருக்கிறதே என்று தையல்நாயகிக்குப் பெருமை வேறு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சின்னப் பிள்ளைக்கு உண்மையான வயதைப் போட்டால், கம்ப்யூட்டர் பெற்றோரின் சம்மதம் கேட்கும், அம்மாவின் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பும், அதைப் பார், இதைத் தொடு என்று பத்து நிமிடம் இழுக்கும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதனால் அவள் ஒன்று, ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று தட்டிவிடுவாள். வேலை இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே நாயகி ஜெராக்ஸ் வழியாக இணையத்துக்குள் போன எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் பிறந்தவர்கள். மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் அங்கே முப்பத்தைந்து வயது.

நோட்டைப் பற்றிய பெருமை போன வருடமே ஆட்டம் கண்டுவிட்டது. அதற்குக் காரணம் லாசரஸ் சார். பம்மலில் ஒரு பள்ளி ஆபீசில் கிளார்க், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று நலம் விசாரிக்கிறவர். அவர் மகன் ஜேசன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "பையன் எப்பப் பார்த்தாலும் யாருக்கோ டைப் பண்ணிக்கிட்டே இருக்கான்மா. அவன் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்குமே, கொஞ்சம் திறந்து பாருங்களேன்" என்றார். தையல்நாயகி திறந்தாள். சார் கண்ணாடி கொண்டு வரவில்லை. அதனால் அவளே வாசித்தாள், கடையில் நாலு பேர் நிற்கும்போது, உரக்க. ஜேசன் தன் நண்பனுக்கு எழுதியிருந்தான்: எங்க அப்பா வெளிய எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுறார்டா. வீட்டுக்குள்ள வந்தா சிரிக்கவே மாட்டேங்கிறார். நான் என்ன தப்பு பண்றேன்னு தெரியல.

லாசரஸ் சார் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் பையன் வந்தான். "ஆன்ட்டி, என் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றாள். "அப்ப நீங்கதானா" என்றான். கோபம்கூட இல்லாத குரல். அன்றிலிருந்து அந்தப் பையன் கடை வரும்போது ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடக்கிறான். தினம் காலை எட்டே முக்காலுக்கு, ஷட்டரைத் தூக்கும் முன் வாசலைக் கூட்டும்போது, அதைப் பார்க்கிறாள்.  ஆனாலும் நோட்டை மூடவில்லை. பழக்கம்.

இந்த வருடம் ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், தீபா வந்தாள். நாகல்கேணியில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை. கம்பெனி வேனில் போய் வேனில் வருகிறவள். அன்று ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, மதியம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கடையில் நின்ற ஒருவர் போகும்வரை காத்திருந்து, மேஜை மேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஓவியாவோட ரீல்ஸ் ஆப்ப கொஞ்சம் தொறந்து பாருக்கா. பாஸ்வேர்டு உன் நோட்ல கீதுல்ல?"

"இன்னாடி ஆச்சு?"

"தெர்லயே! சோறு துன்ன மாட்டேங்குது. போன் டிங்குன்னா தூக்கிவாரிப் போடுது அதுக்கு. எடுத்து பாக்குது, கவுத்து வெக்குது. நேத்து ஸ்கூலுக்கு வயித்துவலின்னு சொல்லிச்சு, பொய்யி. இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லமான்னு சொல்லுது. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா போனப் போட்டு ஒடைப்பாரு, அப்புறம் அதுவும் பேசாது, எனக்கும் ஒண்ணும் தெரியாது. நீ தொற, நான் பாத்துட்டுப் போயிடறேன். அதுக்குத் தெரியவே வேணாம்."

தீபாவின் மகள் ஓவியா எட்டாம் வகுப்பு. போன மாதம்தான் பதின்மூன்று முடிந்திருந்தது. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே தையல்நாயகிதான், அவளுக்குப் பதினொரு வயதானபோது, ஏதோ டான்ஸ் போட்டிக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்று அம்மாவும் பெண்ணும் சேர்ந்து வந்து கேட்டதற்காக. வழக்கம்போல ஒன்று, ஒன்று, தொண்ணூறு.

தையல்நாயகி நோட்டை எடுத்தாள். 'ஓ' வரிசை கண்ணில் பட்டது. ஓவியா1234. விரலை அதன்மேல் வைத்தாள். இரண்டு நிமிட வேலை. குழந்தைக்கு ஏதாவது ஆபத்து என்றால் இப்போதே தெரிந்துவிடும். ஆனால் ஓவியாவும் நாளைக்கு வந்து, அப்ப நீங்கதானா என்று கேட்பாள். கேட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி நடப்பாள். அது போகட்டும், தனக்கு என்ன, யாரோ பெற்ற பிள்ளை. அம்மாவும் ஒளிந்து பார்த்தவள்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால்? அடுத்த முறை இதைவிடப் பெரிதாக ஏதாவது வந்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

"நான் தொறக்க மாட்டேன் தீபா."

"இன்னாக்கா இது! லாசரஸ் சாருக்குத் தொறந்த?"

"அதனாலதான் சொல்றேன். சாயந்திரம் அதை இங்க கூட்டினு வா. நாளைக்கு வேணாம், ஞாயித்துக்கெழம வேணாம், இன்னிக்கே. அதுவே தொறந்து காட்டட்டும்."

"அது காட்டும்னா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்?" தீபா குரலை உயர்த்திவிட்டாள். "உள்ள அனுப்பினது நீ! இப்ப இன்னா நடக்குதுன்னு பாருன்னா பெரிய மனுஷி மாதிரி பேசற. உனக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்."

சொன்ன பிறகு தீபாவுக்கே சுருக்கென்றது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழப் போயிற்று. இரண்டு பேரும் வாய் மூடி நின்றார்கள். சத்தம் தேய்ந்த பிறகு தையல்நாயகி, "ஆறு மணிக்குக் கூட்டினு வா" என்று மட்டும் சொன்னாள்.

தீபா போன பின்பு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று முறை நோட்டைத் திறந்தாள், மூன்று முறை மூடினாள். இந்த நாலு மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னை யார் மன்னிப்பார்கள் என்று நினைத்தாள். ஒரு ஆதார் கார்டைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்தாள், அதையே இரண்டாவது முறையும் தலைகீழாக எடுத்தாள்.

ஆறு மணிக்கு வந்தார்கள். ஓவியா யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். தையல்நாயகி ஷட்டரைப் பாதி இறக்கினாள். சிட்டிபாபு ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். யாராவது வந்தால், "சர்வர் டவுன்பா, நாளைக்கு வா" என்று விரட்டினான். சர்வர் என்றால் என்ன என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

உள்ளே மூன்று ஸ்டூல். ஆரம்பமே சொதப்பல். தீபா உட்கார்ந்த உடனே, "காட்டுடி, இன்னா பண்ணிகினு கீற அந்த போன்ல?" என்று ஆரம்பித்துவிட்டாள். ஓவியாவின் முகம் இறுகிவிட்டது. தையல்நாயகி தீபாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஓவியா, நான் ஒண்ணு சொல்லணும். உன் வயசு இன்னா?"

"தர்ட்டீன், ஆன்ட்டி."

"உன் ஆப்ல உனக்கு முப்பத்தஞ்சு. நான்தான் போட்டேன். சீக்கிரம் வேலை முடியணும்னு. சின்னப் பசங்க அக்கவுண்ட்னா தெரியாதவன் சட்டுனு மெசேஜ் அனுப்ப முடியாது, ஆப்காரன் தடுப்பு போட்டு வெச்சிருப்பான். நீ பெரியவன்னு நெனச்சு உனக்கு எந்தத் தடுப்பும் போடல. கதவ நான்தான் தொறந்து வெச்சேன். உள்ள எவனாவது வந்திருந்தா அது உன் தப்பு இல்ல, மொதல்ல என் தப்பு. அத சொல்லத்தான் வரச் சொன்னேன்."

பெரியவர்கள் ஒரு சின்னப் பெண்ணிடம் தப்பை ஒப்புக்கொள்வது அந்தத் தெருவில் தினம் நடக்கிற காரியம் இல்லை. ஓவியா நிமிர்ந்து பார்த்தாள்.  தையல்நாயகி நோட்டிலிருந்து அவள் பெயர் இருந்த வரியை மட்டும் கிழித்து அவள் மடியில் வைத்தாள்.  ஓவியா கட்டை விரலால் போனின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தையல்நாயகிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கையிலிருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போது பேசியது தீபா. குரல் அடியோடு மாறியிருந்தது.

"ஓவியா. டிசம்பர்ல மழை வந்துச்சே, மேத்ஸ் பரீட்சை அன்னிக்கு, லீவுன்னு உன்ன வூட்லயே நிறுத்திட்டேனே."

ஓவியாவின் விரல் நின்றது.

அந்தக் கதை அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு டிவியில் சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஓடியது. நாம் சென்னைதானே என்று நினைப்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. விமான நிலையமே நம் கொல்லையில் இருக்கிறது. ஆனால் கலெக்டர் கணக்கில் பொழிச்சலூர் செங்கல்பட்டு மாவட்டம். செங்கல்பட்டுக்கு அன்று விடுமுறை இல்லை. யாரோ ஒருவர் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் 'இன்று லீவு, உறுதியான தகவல்' என்று போட, ஆறு பிள்ளைகள் அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை. போட்டவர் யார் என்று குரூப்பில் அன்று முழுக்க ஒரே சண்டை.

"அத மொதல்ல போட்டது நான்தான்" என்றாள் தீபா. "உறுதியான தகவல்னு நான்தான் எழுதினேன். செங்கல்பட்டுக்கு லீவு இல்லன்னு தெரிஞ்சதும் அழிச்சிட்டேன். எவளோ போட்டா, அவ நாசமாப் போகன்னு உன்கிட்ட திட்டினேன் பாரு, என்னைத்தான் திட்டிகினேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. உனக்கு மார்க் போச்சே என்னால."

ஓவியா அம்மாவைப் பார்த்தாள்.  "எனக்குத் தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீ அழிக்கறதுக்கு முன்னாடியே எங்க கிளாஸ் ஹெப்சியோட அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டாங்க. ஹெப்சி ஸ்கூல்ல எங்கிட்ட காட்டினா. யார்கிட்டயும் காட்டாதன்னு கெஞ்சினேன்."

"அடிப்பாவி. ஏன்டி எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ அழுவ."

அவ்வளவுதான். தீபா அழுதாள். தையல்நாயகிக்கும் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் அவமானத்தை ஒரு மாதமாக வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றிய பெண்ணைத்தான், காட்டுடி என்று இழுத்து வந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. ஓவியாவும் அழுதாள். அழுதுகொண்டே போனைத் திறந்து அம்மா கையில் கொடுத்தாள்.

உள்ளே இருந்தது இதுதான். டான்ஸ் ரீல்ஸ் போட்டி நடத்துகிறோம் என்று ஒரு கணக்கு. படத்தில் சிரிக்கும் ஒரு பெண், வயது பதினைந்து என்று போட்டிருந்தது. முதல் வாரம் முழுக்கப் புகழ்ச்சி. உன்னை மாதிரி ஆடுகிறவளைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது வாரம் எந்த ஸ்கூல், எந்தத் தெரு. ஓவியா ஸ்கூல் பெயரைச் சொல்லிவிட்டாள். வீட்டில் ஆடிய இரண்டு வீடியோவையும் அனுப்பினாள். மூன்றாவது வாரம் வீட்டில் யாரும் இல்லாதபோது வீடியோ காலில் வா என்று அழைப்பு. அங்கேதான் ஓவியாவுக்குப் பயம் தட்டியிருக்கிறது. முடியாது என்று எழுதினாள். உடனே சிரிக்கும் பெண்ணின் சிரிப்புப் போயிற்று. வராவிட்டால் நீ என்னிடம் பேசியதையெல்லாம் உன் அம்மாவுக்கு அனுப்புவேன். அதே வரி, ஒரு நாளைக்கு நாலைந்து முறை, பத்து நாளாக.

அம்மாவுக்கு அனுப்ப அப்படி என்ன இருந்தது? தீபா மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒரு இடத்தில் ஓவியா எழுதியிருந்தாள்: எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, எப்பவும் ஷூ கம்பெனி வாசனைதான், ஃபிரண்ட்ஸ வீட்டுக்குக் கூப்பிடவே ஒரு மாதிரி இருக்கும்.

அந்த வரியை அம்மா படித்துவிடக் கூடாது என்றுதான் குழந்தை பத்து நாளாகச் சோறு தின்னாமல் இருந்திருக்கிறது. தீபா தன் புடவைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். 

"வாசனை வரத்தான் செய்யுது" என்றாள். "நாளையிலேர்ந்து வந்ததும் குளிச்சிட்டு உன் பக்கத்துல உக்கார்றேன். இதுக்காடி பயந்த?" ஓவியாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லுவானாமே. சொல்லட்டும். அம்மா இங்கதான் கீறேன். இன்னா கிழிக்கிறான்னு பாக்கறேன்."

அந்த வேகத்திலேயே நாலு வார்த்தை வறுத்தெடுத்து அனுப்பப் போனாள். தையல்நாயகி கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் போட்டால் அவன் அழித்துவிட்டு ஓடுவான், முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு என்றாள். ஓவியாதான் எடுத்தாள், இருபத்தேழு. தையல்நாயகி அருகில் உட்கார்ந்து, எதை எங்கே அழுத்த வேண்டும் என்று வாயால் மட்டும் சொன்னாள். போனைத் தொடவில்லை. ஓவியாவே அந்தக் கணக்கின்மேல் புகார் செய்தாள், பிளாக் செய்தாள், வயதைத் திருத்த மனு அனுப்பினாள், பாஸ்வேர்டை மாற்றினாள். பாஸ்வேர்டு மாற்றும்போது தையல்நாயகி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அப்புறம் சைபர் கிரைம் தளத்தில் தீபாவின் பெயரில் ஒரு புகார். புகார் நம்பர் ஒன்று வந்தது. அந்தச் சிரிக்கும் பெண்ணுக்குப் பின்னால் இருந்தது யார் என்று இதுவரை தெரியவில்லை. அன்றிரவே தீபா தன் கணவனிடமும் சொன்னாள். ஹரிபிரசாத் ஏர்போர்ட் கார்கோவில் ஷிஃப்ட் பார்க்கிறவன். போனை உடைக்கவில்லை. சுவரைத்தான் ஒரு குத்துக் குத்தினான். கையில் கட்டோடு ஒரு வாரம் வேலைக்குப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கடையில் ஒரு புது ஏற்பாடு. பதினொரு மணிக்கு, சர்ச் விடும் நேரத்தில், தையல்நாயகி நோட்டில் இருந்தவர்களை வரிசைப்படி போன் போட்டு வரவழைத்தாள். ஒரு ஞாயிறுக்கு மூன்று வீடு. அம்மாவோ அப்பாவோ, கூட அந்தப் பிள்ளை. மவுஸ் பிள்ளையின் கையில், பெரியவர்களின் கை மடியில். பிள்ளையிடம் எதையும் கேட்பதற்கு முன், பெரியவர்கள் தாங்கள் போனில் ஏமாந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் போட்ட ஒரே சட்டம் அது.

முதல் வாரம் எல்லோரும் முறைத்தார்கள். "நாங்க எங்க ஏமாந்தோம்?" என்றார்கள். அப்புறம் மெதுவாக வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று பழைய வெள்ள வீடியோவை நம்பி, மூட்டை முடிச்சோடு மொட்டை மாடிக்கு ஏறிய சாவித்ரி அக்கா. திருநீர்மலைக் கோயிலைப் பற்றி வந்த ஏதோ ஒரு கதையை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, அது பொய் என்று தெரிந்தும் கமுக்கமாக இருந்த டைலர். அம்மா அப்பா அசடு வழிவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சத்தைத் தையல்நாயகி ரசித்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகு பிள்ளைகளே ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் படம் பழசும்மா, தேடிப் பாரு, இங்க பாரு. பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அவரவர் வரியை மட்டும் நோட்டிலிருந்து கிழித்து அவரவர் கையில் கொடுத்தனுப்புவாள். சிலருக்குக் கோபம். "வேலைய எங்க தலைல கட்டற" என்று சொல்லிவிட்டுப் பம்மல் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டவர்களும் உண்டு. சிட்டிபாபு, "இருக்கிற கஸ்டமரையும் தொரத்தினா சோத்துக்கு இன்னா பண்றது?" என்று கேட்டான். கேட்டுவிட்டு ஞாயிறு தவறாமல் வாசலில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

லாசரஸ் சாரும் வந்தார். தனியாக. பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. "அவன் வரமாட்டேன்னுட்டான்மா" என்றார். தையல்நாயகி தன் தப்புக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையசைத்தார். அடுத்த வாரமும் தனியாகத்தான் வந்தார். அதற்கு அடுத்த வாரமும். ஒரு படம் எந்த வருடத்துப் படம் என்று தேடிப் பார்ப்பதைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டார். ஜேசன் இன்னமும் எதிர்ப்பக்கம்தான் நடக்கிறான். அதற்கு மருந்து தையல்நாயகியிடம் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மாலை ஐந்து மணி இருக்கும். வெயில் தணியவில்லை. தையல்நாயகி வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓவியா ஸ்கூல் பையோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். கையில் போன். முகத்தில் ஏதோ சரியில்லை.  தையல்நாயகி சொம்பை வைத்துவிட்டு இரண்டு படி இறங்கினாள்.

ஓவியா கடைக்குள் திரும்பவில்லை. கடையைத் தாண்டிப் போனாள். நாலு கடை தள்ளி, அம்மாவின் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்தில், மின்கம்பத்தை ஒட்டி நின்றாள்.

தையல்நாயகி பின்னாலேயே போனாள். "இன்னாடி கண்ணு? ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சா?"

"ஆமா ஆன்ட்டி. வேற ஒரு அக்கவுண்ட்லேர்ந்து. அவன்தான்னு நெனக்கிறேன்."

"காட்டு, நான் பாக்கறேன். வா, உள்ள போலாம்."

ஓவியா போனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். முறைப்பு ஒன்றும் இல்லை. பயம் இருந்தது, ஆனாலும் குரல் உறுதியாக இருந்தது.

"இல்ல ஆன்ட்டி. அம்மா வரட்டும். அம்மாகிட்டதான் மொதல்ல காட்டணும்."

தையல்நாயகிக்கு ஒரு கணம் நெஞ்சில் குத்தியது. இத்தனை வருடமாக ஊரே தன்னிடம் ஓடி வந்ததைப் பார்த்துப் பழகியவள் அவள். அடுத்த கணமே, அந்த ரோட்டோரத்தில், அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவே, அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேன் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடையில் யாரோ "அக்கா, ஜெராக்ஸ்" என்று கூப்பிட்டார்கள்.

"இருப்பா, வர்றேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, வேன் வரும்வரை அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்றாள். என்ன மெசேஜ் என்று மறுபடி கேட்கவே இல்லை.